மூன்று நிறம், ஒரே உப்பு

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். அப்பா மருந்து ரூமில் வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த டீச்சர் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டு, தன் முட்டிவலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டுவரச் சொன்னார். அப்பா திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாணங்களுக்கு நிறம் கலப்பவர். பச்சைக்கு ஓர் உப்பு, சிவப்புக்கு ஓர் உப்பு, மஞ்சளுக்கு ஓர் உப்பு. நிறம் வேறு என்றால் உப்பும் வேறு. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அவர் நம்பினார். அத்தையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது அந்த நம்பிக்கையால்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அவளும் பட்டாசு வேலைக்குத்தான் போனாள். முதலில் வேறொரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது அவளோடு சேர்ந்து வேன் ஏறுவதற்கு ஓர் அக்கா தினமும் எங்கள் வீட்டுக்கு வருவாள். பின்னி முடித்த என் ஜடையை அவிழ்த்துவிட்டு ஓடுவது அந்த அக்காவின் வேலை. ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அக்கா ஊருக்குப் போய்விட்டதாக எனக்குச் சொன்னார்கள். அத்தை ரொம்ப நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். பிறகுதான் புதுக் கம்பெனியில் சேர்ந்தாள்.

அந்த வருடம் மார்கழி கொஞ்சம் அதிகமாகவே குளிர்ந்தது. வெயிலுக்குப் பழகிய ஊர் குளிரைச் சமாளிக்கிற அழகே தனி. ஆண்கள் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் போவார்கள். சட்டையில் மேல் இரண்டு பொத்தான் திறந்தே கிடக்கும். கம்பெனி வேனின் உடைந்த ஜன்னல்களில் அச்சகத்தில் வீணான காலண்டர் அட்டைகளைச் செருகி அடைத்திருப்பார்கள். கம்பெனிக்குள் போய்விட்டால் குளிர் காய வழியே இல்லை. நெருப்பு என்ற பேச்சே அங்கே கிடையாது. சுவெட்டரும் கூடாது. உரசினால் பொறி வரும் என்று வாசலிலேயே கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். பருத்தி மட்டும்தான். அத்தை சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவாள். கம்பளி கூடாது என்று சொல்கிற அதே கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்தது ஒரு சிவப்புக் கம்பளிப் போர்வை. வீட்டு மூலையில் அதைச் சுருட்டி வைத்திருந்தோம்.

அத்தைக்குச் சளி பிடித்தது. சாதாரண நாளாக இருந்தால் சுக்குக் காப்பியோடு விட்டிருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லாங்கிணற்றிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூக்கு ஒழுகும் பெண்ணை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்று அம்மாவுக்குக் கவலை. மெடிக்கலில் கேட்டு மஞ்சள் மாத்திரை வாங்கி வந்தாள். அப்பா தன் பங்குக்குப் பச்சை மாத்திரை வாங்கி வந்தார். வரனைக் கொண்டுவந்த மாமா, அம்மாவின் அண்ணன், விருதுநகரிலிருந்து ஒரு பாட்டில் சிவப்பு மருந்தோடு வந்து இறங்கினார்.

“மூணையும் ஒண்ணாக் குடுக்கலாமா?” என்று அம்மா கேட்டாள்.

“நிறம் வேற வேறயாத்தான இருக்கு? மூணும் மூணு உப்பு. ஒண்ணு மூக்குக்கு, ஒண்ணு தொண்டைக்கு, ஒண்ணு நெஞ்சுக்கு. சேந்தாத்தான் நல்லா வேலை செய்யும்” என்றார் அப்பா.

நிறம் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவருக்கு மறுபேச்சு கிடையாது. சனிக்கிழமை முழுவதும் ஆளாளுக்கு அன்பைக் காட்டினார்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அத்தைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை, நீட்டியதையெல்லாம் விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்னொரு சுற்று நடந்தது.

மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. வாயும் வறண்டுபோய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் சிவந்திருந்தது. கண்ணின் கருமணி விரிந்து பளபளவென்று இருந்தது.

“பவுடரே வேணாம்போல. கண்ணு என்னமா மின்னுது பாருங்க” என்று அம்மா பூரித்துப்போனாள். நான் இப்போது ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். அப்படிப்பட்ட கண்ணோடு யாராவது வந்து நின்றால் உடனே ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் பட்டாசுக் குடும்பம்தான். உள்ளே அத்தை அலங்காரம் முடித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மடியில் வேலை செய்துகொண்டிருந்தன. இடது கை இல்லாத குழாயைப் பிடித்திருக்க, வலது கை இல்லாத திரியைச் செருகியது.

“என்ன செய்றீக அத்தை?” என்று கேட்டேன்.

“இந்த லோடை முடிச்சிட்டுப் போயிருவோம்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னாள். அங்கே யாரும் இல்லை. பெண் பார்க்கிற பயத்தில் உளறுகிறாள் என்றாள் அம்மா.

அடுப்பில் சுக்குக் காப்பி கொதித்தது. அந்தக் குளிரில் ஆவி அடர்த்தியாக எழுந்து அறைப்பக்கம் வந்தது. அத்தை அதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

“மருந்து பொகையுது. ஓடுங்க.”

கத்தவில்லை. கம்பெனியில் சொல்லித்தந்தபடி தெளிவாகச் சொன்னாள். வேறு ஊராக இருந்தால் எங்கே என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் ஓட்டம், அப்புறம்தான் விசாரணை. அப்பா என்னை அள்ளிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா கையில் பஜ்ஜியோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். எங்களைப் பார்த்துத் தெருவே ஓடியது. ஒருவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்தார். தெருமுனையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். சத்தம் எதுவும் வரவில்லை. அப்போதுதான் அத்தையைக் காணோம் என்பது தெரிந்தது.

அவள் வெளியே வந்தாள். சுருட்டி வைத்திருந்த அந்தச் சிவப்புக் கம்பளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, குனிந்து, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவில் அதை மெதுவாகக் கிடத்தினாள். பக்கத்து வாசலில் இருந்த குடத்தை எடுத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள்.

“எந்திரிடி. வெளிய வந்துட்டோம்டி. எந்திரி.”

போர்வையை ‘டி’ போட்டுக் கூப்பிட்டதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாருமே சிரித்தோம். பெரியவர்கள் சிரிக்கவில்லை. கல்யாணம் போச்சே என்ற கவலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேய் பிடித்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அத்தையிடம் நடந்து போனார். நல்ல சேலை நனைவதைப் பார்க்காமல் அந்த ஈரத்தில் உட்கார்ந்து, போர்வையின்மேல் கையை வைத்தார்.

“வந்துட்டாம்மா. மூச்சு இருக்கு, நான் பாத்துட்டேன். நீ விடு.”

அத்தை கையை எடுத்துவிட்டாள். இந்த அம்மாவும் அதே சிவப்பு மருந்தைக் குடித்திருப்பார்போல என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை அட்டைகளையும் பாட்டிலையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “மூணும் ஒரே சால்ட்டுங்க” என்றார்.

“சால்ட்டுன்னா?” என்றார் அப்பா.

“உப்பு.”

“நிறம் வேறயா இருக்கே?”

“அது மேல சேக்குற சாயம்.”

உப்பில்லாமல் வெறும் சாயத்தால் நிறம் காட்டுகிறவர்களை அப்பா அதற்குப் பிறகு மன்னிக்கவே இல்லை. மறுநாளைக்குள் அத்தை தெளிந்துவிட்டாள். நடந்தது எதுவும் நினைவில்லை என்றாள்.

மூளையில் அசெட்டைல்கோலின் என்று ஒன்று சுரக்கிறது. கண்முன் நடப்பது எது, மனசுக்குள் கிடப்பது எது என்று பிரித்துக்கொள்ள மூளைக்கு அதன் தயவு வேண்டும். பழைய ரகச் சளி மாத்திரைகள் அதன் வேலையை மறிக்கின்றன. மூக்கு வறள்வதற்கும் அதுதான் காரணம். அளவோடு சாப்பிட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான். அளவு மீறினால் இல்லாதது தெரியும், இல்லாதவர்கள் பேசுவார்கள். மனநோயில் வருகிற பிரமைக்கு டோபமைன் என்று வேறொன்றைச் சொல்வார்கள். அத்தையுடையது அந்த வகை இல்லை. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பிரமைக்கு வேண்டிய ஆட்களை மாத்திரை கொண்டுவருவதில்லை. அவர்கள் உள்ளே ஏற்கெனவே இருக்கிறார்கள். அத்தையின் பழைய கம்பெனியை மூடியது தீவிபத்துக்குப் பிறகு. அத்தை ஓடி வந்துவிட்டாள். அந்த அக்கா வரவில்லை. இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. வளர வளரத் தானாகத் தெரிந்தது.

கல்யாணம் நிற்கவில்லை. அப்பாவும் மாமாவும் காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு விளக்கம் சொல்லப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். “அன்னிக்கு நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுனோம். உங்க தங்கச்சிதான் கூட்டாளிய இழுத்துட்டு வர உள்ள நின்னா. இதுக்கு மேல என்னத்தைப் பாக்கச் சொல்றீக?” என்று கேட்டாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அத்தை வெயிலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். பக்கத்துச் சுவரில் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. என் ஜடையை அவிழ்க்க ஆளில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது.

“அந்த அக்கா ஊர்ல இருந்து எப்ப வருவாக?” என்று கேட்டேன்.

அத்தை என் தலையை நேராகத் திருப்பி வைத்தாள்.

“அங்கன ரொம்பக் குளிரு. வர மாட்டா” என்றாள்.

“அப்ப நம்ம கம்பளியைக் குடுத்து விடுவமா?” என்றேன்.

அத்தை பின்னிக்கொண்டே இருந்தாள். ரொம்ப இறுக்கமாகப் பின்னுகிறாள், வலிக்கிறது என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.