சுவருக்குக் கட்டுப் போட்டோம்

மலைமேல் இருக்கும் அந்தப் பழைய கோட்டையை ஓட்டலாக மாற்றும் வேலைக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனோம். அவர் கொத்தனார். நான் சுண்ணாம்புக் கலவை போடுகிறவள். எங்களோடு இன்னும் ஆறு பேர். சிமெண்டே படாமல், கோட்டை கட்டிய காலத்து மாதிரி சுண்ணாம்பிலேயே பூச வேண்டும் என்பதுதான் பேச்சு.

பெரிய மண்டபத்தின் மேற்குச் சுவர் எங்களை அழவைத்தது. பூசிய மூன்றாம் நாளே மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. கொத்திவிட்டு மறுபடி பூசினோம், மறுபடியும் வெடித்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காய் ஊறப்போட்டதிலிருந்து மணல் சலித்தது வரை என் கை படாதது எதுவுமில்லை. கலவையில் குற்றமே கிடையாது. எல்லாம் இந்த ஆடிக் காற்று செய்கிற வேலை. ஜன்னல் வைக்காத மண்டபத்துக்குள் புகுந்து ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சிவிடுகிறது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால், அதுவும் காற்றில் ஆடிப் பூச்சை உரசி எடுத்தது.

வேலையைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, இன்னொரு தடவ வெடிச்சா சிமெண்டுதான்னு ஓட்டல் முதலாளி சொல்லிட்டாவ. பொறவு உங்க ஆளுகளுக்கு இங்க வேலை இருக்காது.”

கல்யாணத்துக்கு முன்பு நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இருந்தவள். நனைந்த அந்தத் துணி எப்படி ஒட்டும் என்று என் விரலுக்குத் தெரியும். மறுநாளே மலையிறங்கி, பஸ் பிடித்து அந்தக் கம்பெனிக்கே போய், அவர்கள் கழித்துப்போட்ட துணியில் இரண்டு பெரிய கட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். “ஏட்டி, சுவத்துக்குக் கட்டுப் போடவா போற?”

“ரெண்டு தடவ வெடிச்சிருக்குல்ல, கட்டுப் போடாம விட்டா ஆகுமா? ஏணியப் பிடிங்க.”

மூன்றாம் முறை பூசி, சற்று இறுகியதும் நனைத்த துணியை உச்சியிலிருந்து ஒட்டினோம். தோல் மாதிரி படிந்தது. காற்று எவ்வளவு அடித்தும் அசையவில்லை. பத்து நாள் தண்ணீர் தெளித்தேன். பயத்தில் ராத்திரியும் எழுந்து போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினோராம் நாள் துணியை உரித்தோம். இன்ஜினியர் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினார். “மயிரிழை கூட இல்லக்கா” என்றார். வீட்டுக்காரர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, முதலாளி முன்கூட்டியே அனுப்பிவிட்ட சிமெண்ட் லாரி வாசலில் வந்து நின்றது. எங்கே இறக்க என்று டிரைவர் கேட்டார். இன்ஜினியர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“எறக்க வேண்டாம்ணே. வந்த வழியே கொண்டு போங்க” என்றேன்.