வெறும் வயிற்றுத் தானம்

முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார் தனசீலன். அங்கே புடைத்து நிற்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டே தாராவியிலிருந்து வடாலா வரைக்கும் நடந்து போய்விடலாம். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லியாகிவிட்டது. தெருமுனைக் குழாய் வரைக்கும் போகலாம்.

தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவர். ஊர் நாசரேத் பக்கம். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீர், கொடுக்கக் கிளம்பிவிடுவார். "செவப்பு எவன் வேணா குடுப்பாம்டே. நம்மது மஞ்ச. தங்கம்லா!" என்று பட்டறையில் பீற்றிக்கொள்வார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இயந்திரம் ரத்தத்தை இழுக்கிறது, மஞ்சளைப் பிரித்துப் பையில் விடுகிறது, சிவப்பை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. "குடுத்தத திருப்பி வாங்குனா அது தானமா? காணிக்கைப் பையில நோட்டப் போட்டுட்டுச் சில்லறை பொறுக்குன மாரில்லா இருக்கு!"

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் லெந்து என்னும் தவக்காலத்து உபவாசத்தையும் இதோடு சேர்த்துக்கொண்டார். காலையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. போன தடவை பட்டறைக்குத் திரும்பியதும் கண் இருட்டி, கத்தி விரலில் பாய்ந்தது. "தோலு வழுக்கிட்டு" என்று மனைவி ரெபேக்காவிடம் சொல்லிவைத்தார். அவள் நம்பவில்லை. இன்று ரத்த வங்கிக்குக் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இயந்திரம் ஓடுகிறது. உதட்டில் எறும்பு ஊர்கிறது; விரல்நுனி மரத்துப்போகிறது. ஆவியானவரின் தொடுதலோ? பக்கவாதமோ? இல்லை, முந்தாநாள் தின்ற கருவாடோ? ஒன்றும் விளங்காமல் நாக்கால் உதட்டைத் துழாவுகிறார்.

நர்ஸ் சாதனா, செம்பூர்ப் பெண், அதைக் கவனித்துவிடுகிறாள். "உதட்டுல முள்ளு குத்துற மாதிரி இருக்கா அங்கிள்? வாயத் தொறந்து சொல்ல வேணாமா? ரத்தம் உறையாம இருக்க மருந்து கலக்குறோம், அது கால்சியத்தப் பிடிச்சுக்கும். சொன்னா ஸ்பீடக் கம்மி பண்ணி மாத்திரை குடுப்பேன். சும்மா இருந்தா கை இழுத்துக்கும், மயக்கம் வரும்."

வேகத்தைக் குறைத்தபடியே கேட்கிறாள்: "காலையில நாஷ்தா ஆச்சுன்னீங்களே, நிஜமா?"

கத்தி பிடிக்கிற கை இழுத்துக்கொண்டால் பட்டறையில் வேலை ஏது? ஆனால் உண்மையைச் சொன்னால் இனிமேல் கூப்பிடமாட்டார்களோ? தனசீலன் மின்விசிறியைப் பார்க்கிறார். "நாலு இட்லி, சிஸ்டர். வடையும் உண்டு."

ரெபேக்கா மடியிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்து நர்ஸிடம் நீட்டுகிறாள்.

"நாலும் இந்தா இருக்கு, சிஸ்டர். வட நா சுடவே இல்ல."