துடைத்த துணி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையொன்றின் நிலவறையில் வேலை செய்தேன். சறுக்குப் பலகைகளின் அடிப்பக்கத்தை அழுக்குப் போக்கும் மருந்து போட்டுத் துடைத்து, பிறகுதான் மெழுகு பூச வேண்டும். ஊத்தையின் மேல் பூசினால் மெழுகு பிடிக்காது. என் கை சுத்தமென்று முதலாளி சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒருநாள் வந்த பழைய சோடி ஒன்றின் அடியில், நீல மையில் வரிசையாக ஊர்ப்பெயர்கள் இருந்தன.

"ஆரோ ஆசையா எழுதியிருக்கினம். பலகையிலை கட்டியிருக்கிற துண்டிலை சொந்தக்காரரின்ரை நம்பர் இருக்கு, ஒருக்காப் போன் அடிச்சுக் கேள்," என்றார் கூட வேலை செய்த சிவம் அண்ணை.

"ஊத்தையோடை பூச ஏலாது அண்ணை," என்றேன்.

உண்மை அதுவல்ல. நேரில் என்றால் கையைக் காலைக் காட்டிச் சமாளிப்பேன். போனில் இங்கிலீஷ் கதைக்க எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, முழுவதையும் துடைத்தேன்.

மாலையில் எடுத்துப்போக வந்த வெள்ளைக்காரர் பலகையைத் திருப்பிப் பார்த்தபடியே நின்றார். தானும் மனைவியும் சேர்ந்து போன ஊர்கள், அவள் எழுதியது, அவள் இப்போது இல்லை என்றார். ஏசவில்லை. துடைத்த துணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கீழே ஓடிக் குப்பை வாளியைக் கவிழ்த்தேன். எல்லாத் துணிகளும் ஒரேமாதிரிக் கறுத்துக் கிடந்தன. ஏதோ ஒன்றை எடுத்து வந்து, இதுதான் என்று கொடுத்தேன். அவர் அதை மெதுவாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு நாள் முழுக்கப் போனில் இங்கிலீஷ் கதைக்கிறேன். அவருடைய நம்பர் மட்டும் என்னிடம் இல்லை.