இடக்கைக் கையொப்பம்

யுத்த காலத்தில் நான் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். காயப்பட்டு இராணுவத்தை விட்டு, ஆமியை விட்டு விலகியவர்கள் அங்கவீனக் கொடுப்பனவுப் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பக் கோவைகள், ஃபைல்கள், என் மேசைக்கு வரும். வெள்ளவத்தையில் அறையெடுத்திருந்த யாழ்ப்பாணத்தானுக்கு இப்படியொரு மேசையா என்று கேட்பீர்கள். நானும் தினமும் கேட்டுக்கொண்டேன். காலையில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டிவிட்டு வந்து, பகலெல்லாம் ஆமிக்காரர்களின் விண்ணப்பங்களைப் பார்ப்பேன். பிழை விட்டால் தமிழன் வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். இளக்கம் காட்டினால் எவ்வளவு வாங்கினான் என்பார்கள். அந்தப் பயத்தில் விதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சின்னக் குறை இருந்தாலும் கோவை திரும்பிப் போகும்.

எங்கள் பகுதியின் தலைமைக் கிளாக்கர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண்மணி. எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. பியோன் வந்து தூக்கும்வரை கோவை மேசையிலேயே கிடப்பது எங்கள் வழக்கம். மிஸ்ஸுக்கு அது ஆகாது. சுவரோரம் கிடந்த வாங்கில் ஆள் உட்கார்ந்து காத்திருந்தால் கோவையைத் தானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடப்பார்; வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். மாதக்கணக்கில் இழுபடுவது பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். கந்தோருக்கு மேலதிகாரியான எங்கள் பெரியவருக்கே அவரைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம்தான்.

ஒருநாள் வாங்கில் ஒரு இளைஞன். வலக்கை முழங்கையோடு இல்லை. அனுராதபுரத்துக்கு அப்பாலிருந்து மூன்றாம் முறையாக பஸ் ஏறி வந்திருந்தான். வீட்டில் கைக்குழந்தை, இந்தக் கொடுப்பனவு வராவிட்டால் மனைவி அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும், ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டையும் வாங்கிவிட்டான் என்று மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னான்.

மிஸ் கோவையைப் புரட்டினார். இரண்டு முறையும் திருப்பி அனுப்பியவன் நான்தான். காரணம் என் அழகான எழுத்தில் இருந்தது: ஆமியில் சேர்ந்தபோது வைத்த கையொப்பத்தோடு இது பொருந்தவில்லை.

எப்படிப் பொருந்தும்? வைத்த கைதான் இல்லையே. வைத்திய அறிக்கை அடுத்த பக்கத்திலேயே இருந்தது. முத்திரை சரியா என்று மட்டும் பார்த்துப் புரட்டியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

மிஸ் ஏசவில்லை. நாங்கள் வரும்போதும் போகும்போதும் ஒப்பமிடும் வரவுப் பதிவேட்டை எடுத்துவந்து விரித்து, என் இடக்கையில் பேனையைத் திணித்தார்.

"இண்டைக்கு இந்தக் கையால சைன் வையும்."

கோழி கிளறியதுபோல் வைத்தேன். அதைப் பெரியவரிடம் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். இது யாருடைய கிறுக்கல் என்று பெரியவர் கேட்டார். இவருடையதுதான், என் கண் முன்னால் வைத்தார், நான் சாட்சி என்றார் மிஸ். அதே மூச்சில் கோவையையும் நீட்டி, இந்தப் பிள்ளைக்கும் அந்தச் சாட்சி போதாதா என்று கேட்டார். பெரியவர் தலையைச் சொறிந்தார். இரண்டு சாட்சி இருந்தால் சரி என்றார்.

இளைஞன் நாக்கைக் கடித்தபடி இடக்கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். மிஸ் கீழே ஒப்பமிட்டார். அதற்கிடையில் அவன் என்னிடம் ஊர் எது என்று கேட்டான். வழக்கமாக வெள்ளவத்தை என்றுதான் சொல்வேன். அன்று யாழ்ப்பாணம் என்றேன். தன் கை போனதும் அங்கேதான் என்றான். குரலில் கோபம் இல்லை.

மிஸ் பேனையை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டாம் சாட்சி நீர்."

ஆமிக்காரனின் எந்தக் கடதாசிக்கும் பொறுப்பாக என் பெயர் விழக்கூடாது என்று அத்தனை வருடம் ஒளிந்திருந்தவன் நான். முழுப் பெயரையும் எழுதி, ஊரையும் எழுதினேன். பிறகு மிஸ் எழும்புவதற்கு முன் கோவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்கு நடந்தேன்.