தேவமலர் மாற்றிய வால்வு

என் சம்சாரம் தேவமலர் ஒரு வேலைய எடுத்துட்டா முடிக்காம அவளுக்குச் சோறு எறங்காது. பொறந்தது ஜாசின் ஊருப் பக்கத்து எஸ்டேட் தோட்டத்துல. மூணாம் பாரத்தோட, அதாவது ஒம்பதாம் வகுப்போட, படிப்ப விட்டவ. பத்தொன்பது வருசமா சுங்கை ஊடாங்ல ஒரு கொன்ட்ரெக்டர் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கிறா. வேலை முடிஞ்சி அவள ஏத்திட்டு வர நான் லேட்டா வர்றேன்னு நாப்பது வயசுல கார் லைசன்ஸ் எடுத்தா. ரெண்டு தடவ ஃபெயிலு. மூணாவது தடவ பாஸ் பண்ணி, லோரி ஓட்டுற என்னையே பக்கத்துல உக்கார வச்சி ஓட்டினா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன மாசம் மக மோகனாவுக்குத் தலப்பிரசவம். பேரன் பொறந்து பத்தாம் நாள், பாத்ரூம் ஹீட்டர் டேங்க் ஒழுக ஆரம்பிச்சிருச்சி. தேவமலர் சுவிட்ச அடைச்சிட்டு, அடுப்புல அண்டா வச்சி மகளுக்குத் தண்ணி காய்ச்சினா. பேரனப் பாக்க வந்து அதப் பார்த்த மாப்பிள்ளையோட அம்மா அனுசியா, "இது சரிப்படாது லா. நாளைக்கு நாலு மணிக்கு வந்து ரெண்டு பேரையும் மஸ்ஜித் தானாவுல எங்க வீட்டுக்கு அழைச்சிக்கிறோம்"னுட்டாங்க. தேவமலர் மொகம் செத்துப்போச்சி. பிரசவம் முடிஞ்ச முப்பது நாளும் மக தாய்வீட்டுல இருக்கணும்ங்கிறது அவளுக்கு உசுரு.

பிளம்பர் கணேசமூர்த்தி திங்கக்கெழமதான் வருவேன்னான். "நானே பாக்குறேன்"னா இவ. "உனக்கு என்ன தெரியும், சும்மா கெட"ன்னு கத்தினேன். காதுலயே வாங்கல.

மறுநா காலைல ஏணியப் போட்டு ஏறினா. எல்லாத்தையும் துணியால தொடச்சிட்டு, எங்க மொதல்ல ஈரம் கசியுதுன்னு பார்த்தா. சூடேறினா மிச்சத் தண்ணிய வெளிய விடுற வால்வு இருக்கே, அதோட கழுத்துல. அந்த வால்வு வாயில பழைய டியூப் ரப்பர் இறுக்கிச் சுத்தியிருந்துச்சி.

"யாரு கட்டினது?"

நான்தான். தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தா வீட்டுல லட்சுமி தங்கமாட்டான்னு மூணு வாரத்துக்கு முந்தி கட்டிவிட்டேன். சொட்டு நின்னதும் பெரிய கெட்டிக்காரன்னு நெனப்பு வேற.

"மிச்சத் தண்ணி போக வழியில்லன்னா டேங்கே வெடிக்கும். அடியில நின்னு குளிச்சது நம்ம புள்ள." அவ்ளோதான் சொன்னா. திட்டியிருந்தா தேவலை.

பைப்ப அடைச்சி, சுடுதண்ணிக் கொழாயத் தொறந்து விட்டுட்டு, ஸ்பேனர் போட்டுக் கழட்டினா. பழைய வால்வ எடுத்துக்கிட்டு ஜாசினுக்கு ஓட்டினா. கடைக்கார மணியம் நீட்டினத வாங்கல. ரெண்டுலயும் போட்டிருந்த பிரஷர் நம்பர் வேற. ஒரே நம்பர் கெடைக்க மூணு கடை ஏறி எறங்கினா. வந்து மரையில வெள்ளை டேப் சுத்தி முடுக்கினதுல மொதத் தடவ ஒழுகிச்சி. திரும்பக் கழட்டி, திரும்பச் சுத்தினா. டேங்க் நெறஞ்சி கொழாயில தண்ணி சீரா வந்த பெறகுதான் சுவிட்சப் போடவிட்டா. அப்ப மணி ரெண்டரை.

நாலு மணிக்குச் சம்பந்தியம்மா வந்து கொழாய்க்குக் கீழ கைய நீட்டிப் பார்த்தாங்க. நல்ல சூடு. "என்னதான் ஆச்சி?"ன்னாங்க.

"ஹீட்டர் பழசு"ன்னா தேவமலர்.

எனக்காகப் பொய் சொல்றா. என்னால தாங்க முடியல. "இல்லம்மா, நான் ரப்பர் கட்டி அடைச்சதுதான். கண்டுபிடிச்சி மாத்தினது இவ"ன்னு நடந்ததச் சொன்னேன்.

அவங்க என்னைய ஏற எறங்கப் பார்த்தாங்க. பெறகு தேவமலர் கையப் புடிச்சிக்கிட்டாங்க.

"புள்ளையும் தாயும் இங்கேயே இருக்கட்டும், அண்ணி. அண்ணனை மட்டும் பாத்ரூம் பக்கம் விட்டுறாதீங்க."