வெற்றுக் குழாயில் தெரிந்த கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளரான அவளுக்கு "இன்னொருதரம்" என்று பட்டப்பெயர். பூட்டிய கதவை இன்னொருதரம் இழுத்துப் பார்ப்பாள். எழுதிய எண்ணை இன்னொருதரம் படிப்பாள். "நான் மூச்சு விடறேனான்னு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் தூங்குவா" என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பதினோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு சோதனைக் குழாய்கூட மாறிப்போனதில்லை என்பதை மட்டும் மனுஷர் சொல்ல மறந்துவிடுவார்.

பவளம் பார்க்கத்தான் கல். உயிருள்ளது அது. அதன் சதையிலும் சளியிலும் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. கடலிலிருந்து வரும் துண்டின் மேல் உப்புக் கரைசலைக் காற்றோடு பீய்ச்சி, சதையை வழித்தெடுப்பாள். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, சோதனை முடித்து, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் குழாய்க்கு ஒரு வரிசையாக ஓட்டுவாள். தேடுகிற பாக்டீரியா இருந்தால் ஒரு கோடு ஒளிரும். பவளமே போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் எப்போதும் கூடவே போகும். அதில் கோடு வந்தால் அழுக்கு கடலிலிருந்து வரவில்லை, நம் மேஜையிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

ஆய்வை நடத்திய மேடம் அவளைவிடப் பத்து வயது சின்னவர். மூன்று வருஷ உழைப்பில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. நல்ல பவளம், சீக்குப் பவளம் என்று பார்க்காமல் நாற்பது துண்டிலும் ஒரே ஒரு பாக்டீரியா தவறாமல் இருந்தது. அதற்கு "வீட்டுப் பெரியவர்" என்று பேர் வைத்து எல்லாரும் கொண்டாடினார்கள். வெள்ளிக்கிழமை கட்டுரை பத்திரிகைக்குப் போவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, வெற்றுக் குழாயில் வழக்கமாக விடும் சுத்தத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. போனால் போகிறது என்று உப்புக் கரைசலையே விட்டாள். மத்தியானம் வெற்றுக் குழாயில் கோடு தெரிந்தது. வீட்டுப் பெரியவரேதான்.

குழாய் மாறியிருக்கும் என்று திரும்பச் செய்தாள். திரும்பவும் அதே கோடு. அப்புறம்தான் அலமாரியில் இருந்த கரைசல் பாட்டிலைப் பார்த்தாள். புதுக் கரைசலை ஒவ்வொரு தடவையும் அழுத்தக் கொதிகலனில் வைத்துச் சுத்தம் செய்வாள். அதில் குறையே இல்லை. ஆனால் பாட்டில் காலியாக ஒருநாளும் விட்டதில்லை. கால் பாகம் மிச்சம் இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்பிவிடுவாள், நடுவில் தீர்ந்துவிடுமோ என்ற பயம். மூன்று வருஷத்துப் பழசு அடியிலேயே இருந்தது. வெற்றுக் குழாயோ பீய்ச்சும் கட்டத்தைத் தாண்டி, தண்ணீரோடு இரண்டாம் கட்டத்தில்தான் சேர்ந்துகொள்ளும்; அதனால்தான் அதில் இத்தனை நாள் கோடு வரவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவள் அந்தப் பாட்டிலை மட்டும் சந்தேகப்படவில்லை.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். கொட்டிக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். அவளைப் பெரிய உத்தமி என்று நினைக்க வேண்டாம். கொட்டினால் ஆயுசுக்கும் நிம்மதி இருக்காது என்ற பயம்தான் அவளை மேடத்தின் அறைக்கு இழுத்துப் போனது.

"மேடம், தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணிட்டேன்." பாட்டிலை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மேடம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாட்டில்ல இருந்தா, பவளத்துல இல்லன்னு ஆயிடாதேக்கா. ரெண்டுலயும் இருக்கலாம். ஃப்ரீசர்ல கரைசல் படாத மிச்சப் பாதித் துண்டுங்க இருக்குல்ல?"

"இருக்கு மேடம். ஆனா அதுவும் வீணாப்போச்சுன்னா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கோடைச் சூட்டில் அந்தப் பவளத்திட்டு முழுவதும் வெளுத்துச் செத்துவிட்டது. இனி ஒரு துண்டுகூடக் கிடைக்காது.

"பத்து மட்டும் எடுங்க. நீங்களே செய்யுங்க."

"வேற யாராவது செய்யட்டும் மேடம். என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"எனக்கு இருக்குக்கா. வேற யாரா இருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டாங்க."

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புது பாட்டில், புதுக் கரைசல், பீய்ச்சுவதற்குப் புதுக் குழல். வெற்றுக் குழாயையும் இந்தத் தடவை முதல் கட்டத்திலிருந்தே கூட்டிப் போனாள். கரைசலைச் சும்மா பீய்ச்சிப் பிடித்து அதில் விட்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேரும் ஜெல்லின் மேல் குனிந்தார்கள். சோதனை ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்ட வைத்திருந்த ஓரத்துக் கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. அவள் கண் நேராக வெற்றுக் குழாயின் வரிசைக்குப் போனது. இருட்டு. அப்பழுக்கில்லாத இருட்டு.

"மேடம், சுத்தமா இருக்கு! ஒண்ணுமே இல்ல மேடம்!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற பிள்ளை பிழைத்த மாதிரி இரண்டு கையையும் கூப்பினாள்.

மேடத்தின் விரல் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் மற்ற வரிசைகளைப் பார்த்தாள். பத்துப் பவளமும் இருட்டாகவே இருந்தன. வீட்டுப் பெரியவர் எதிலும் இல்லை.

"மூணு வருஷம்க்கா" என்றார் மேடம். அந்த முகத்துக்கு நேராகத்தான் அவள் சற்று முன் சந்தோஷத்தில் கத்தியிருந்தாள்.