காதுகுத்து ஃப்ளெக்ஸில் ஒரு புலி

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அதை அவிழ்க்க ஆள் தேடினேன்.

தாய்மாமன் படம் இல்லாமல் எங்கள் பக்கம் காதுகுத்து ஃப்ளெக்ஸ் கிடையாது. துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, கூலிங் கிளாஸோடு நடுவில் நின்றான். பக்கத்தில் ஒரு கார்ட்டூன். நம் கொடியைப் போர்த்திய புலி, பக்கத்து நாட்டுக் கொடி கட்டிய நரியை வாலைப் பிடித்துச் சுழற்றியது. 'எங்க மாமன் வந்தா எதிரி காலி' என்று கீழே கொட்டை எழுத்து வேறு.

எல்லாம் என் கொழுந்தனின் கைங்கரியம்.

"நெட்டுல எல்லாரும் ஷேர் பண்ற படம் மதினி. கெத்தா இருக்கட்டும்னு போட்டேன்."

"என்ன கெத்து? என் தம்பிக்கு மேஸ்திரியே அந்த நாட்டுக்காரருதான். ஒரே ரூம்ல படுத்து, ஒரே சட்டியில பொங்கித் திங்கிறாக. அவரு ஒரு வார்த்தை சொன்னாத்தான் விசா புதுப்பிப்பாக. உங்க கெத்துல மண்ணைப் போட!"

பாவம், முகம் செத்துப்போய் அவரே ஏறி அவிழ்த்தார். ஆனால் அதற்குள் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டு, தம்பிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அனுப்பியிருந்தார். போன் போட்டேன், தம்பி எடுக்கவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களோ, அடிதடியோ என்று நினைத்து நினைத்து அடுப்பில் சோறு கருகியதுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"மேஸ்திரி பாத்துட்டாருக்கா."

"வஞ்சாராடா?"

"வையலைக்கா. அவுக ஊரு ஆளுக போடுற கார்ட்டூனை எடுத்துக் காட்டுனாரு. அதுல நாமதான் நரி."

"விசா என்னாகும்?"

"தெரியலைக்கா. என் முகத்தையே பாக்க மாட்டேங்காரு. பாப்பாவுக்குன்னு அவரு எடுத்துக் குடுத்த கவுனு என் பெட்டியிலதான் இருக்கு."

அவனே தொடர்ந்து மெதுவாகச் சொன்னான்.

"காது குத்துறப்ப வீடியோ கால் போடாதக்கா. ரூம்ல அவரும் இருப்பாரு."

மடியில் வைத்துக் காது குத்தத்தான் கொடுத்து வைக்கவில்லை, போனிலாவது பார்க்கிறேன் என்று பிள்ளை பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன். காதுகுத்து அன்றைக்கு என் பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்து மகள் வீறிட்டு அழுதாள். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். கூப்பிடவில்லை.